எம்ப்ளம் எஸ்.எஸ். என்கிறது, எண்கள் வேறு சொல்கின்றன: பழைய மசில் காரைச் சோதிக்கும் வழி

மிச்சிகனில் பழைய கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் நாலைந்து பேர் எனக்கு உண்டு. அவர்களிடமிருந்து வரும் ஃபோன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, 69 கேமரோ ஒண்ணு பாத்தேன். நம்பர்ஸ் மேட்சிங்னு சொல்றான். நம்பலாமா?" நம்பர்ஸ் மேட்சிங் என்றால் ஆலையில் மாட்டிய அதே எஞ்சின் இன்றும் காரில் இருக்கிறது, எண்களும் காரோடு பொருந்துகின்றன என்று அர்த்தம். ஃபோனில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. டார்ச் லைட்டோடு போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். போகிற இடமெல்லாம் அதே ஐந்தாறு கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று எழுதி வைத்துவிட்டேன்.

மசில் கார் என்றால் அறுபதுகள், எழுபதுகளில் வந்த, பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார். எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்), இசட்/28, ஜி.டி.ஓ. எல்லாம் அவற்றில் விலை கூடிய வகைகள். சாதாக் காரில் அந்த எம்ப்ளத்தை ஒட்டி விற்பவர்களும் உண்டு. இதில் ஷெவர்லே அதிகம் இடம் பிடிக்கும். நான் அதிகம் பார்த்தது அதுதான். தன் வின் எண்ணில் மிகக் குறைவாகச் சொல்லும் காரும் அதுதான்.

வின் என்பது நம் ஊரில் சேஸிஸ் நம்பர் என்று சொல்வதற்குச் சமம். 17 இலக்க வின் 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் ஜி.எம். (ஷெவர்லே, பான்டியாக்), கிரைஸ்லர் (டாட்ஜ், பிளிமத்) கார்களில் 13, ஃபோர்டில் 11. ஆகவே புது கார்களுக்குப் பணம் கட்டி எடுக்கும் ஹிஸ்டரி ரிப்போர்ட் இங்கே உதவாது. தகட்டில் ஆங்கில எழுத்தாக இருப்பதை நான் இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன்.

எடுத்துப்போக வேண்டியவை

டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, கேமரா நன்றாக உள்ள ஃபோன், பிரேக் கிளீனர் ஸ்பிரே, நைலான் பிரஷ், பழைய துணி. கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். எஞ்சினில் நாம் தேடிப் போகும் சாட்சியையே அவை தேய்த்து அழித்துவிடும்.

அறிகுறி 1: எம்ப்ளம் ஒன்று, வின் வேறு

முதல் சோதனை செலவில்லாதது. விளம்பரத்திலேயே வின் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம். ஆனால் எந்த வருடத்தில் வின் பேசும், எதில் பேசாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

*ஷெவெல் எஸ்.எஸ். என்றால்:* ஷெவெல் ஷெவர்லேயின் ஒரு கார், மாலிபு அதன் சாதா வகை. 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி மாடல். (396, 454, 302 போன்றவை எஞ்சினின் அளவு, கன அங்குலத்தில்.) வின் 138 என்று தொடங்கும். 136 என்று தொடங்கினால் அது மாலிபு. மேலே எந்த எம்ப்ளம் ஒட்டியிருந்தாலும் மாலிபுதான். 1969இல் எஸ்.எஸ். வெறும் ஆப்ஷனாகிவிட்டது. அதற்குப் பின் வின் வாயைத் திறக்காது. ஆனாலும் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஷெவர்லேயில் அப்போது ஒற்றைப்படை எண் ஆறு சிலிண்டர், இரட்டைப்படை எண் வி8. 1970 எஸ்.எஸ். ஒன்று 135 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டர் மாலிபுவாகப் பிறந்தது. கதை அங்கேயே முடிந்தது. 1972இல் மறுபடி கொஞ்சம் பேசும்: ஐந்தாவது இடம் எஞ்சின் எழுத்து, அங்கே டபிள்யூ இருந்தால் 454.

*கேமரோ என்றால்:* 1967 முதல் 1969 வரை எஸ்.எஸ்., இசட்/28 எதுவுமே வின்னில் தெரியாது. 123 ஆறு சிலிண்டர், 124 வி8, அவ்வளவுதான். அடுத்த இரண்டு இலக்கம் 37 என்றால் கூரை உள்ளது, 67 என்றால் கன்வர்டிபிள். 1969இல் கன்வர்டிபிள் இசட்/28 விற்பனைக்கே வரவில்லை. ஆட்டோமேட்டிக் கியரோடும் ஏசியோடும்கூட இசட்/28 கிடையாது. இந்த மூன்றில் ஒன்று இருந்து இசட்/28 எம்ப்ளமும் இருந்தால், காரை நேரில் பார்க்கப் போகும் பெட்ரோல் மிச்சம்.

*பான்டியாக் ஜி.டி.ஓ. என்றால்:* 1966 முதல் 1971 வரை வின் 242 என்று தொடங்க வேண்டும். 1964, 1965இல் அது லெமான்ஸ் என்ற பான்டியாக் மாடலின் மேல் ஏற்றிய ஆப்ஷன். 1972இல் திரும்பவும் ஆப்ஷன். அந்த வருடங்களுக்குக் காகிதம்தான் ஆதாரம். அறிகுறி 6க்குப் போங்கள்.

*டாட்ஜ், பிளிமத் என்றால்:* இவற்றின் வின் வாயாடி. ஐந்தாவது எழுத்து எஞ்சினையே சொல்லிவிடும். 1970 சேலஞ்சர் ஆர்/டி ஒன்றின் வின் ஜே எஸ் 23 என்று தொடங்கி, அடுத்து ஆர் வந்தால் 426 ஹெமி, வி வந்தால் 440 சிக்ஸ் பேக் (மூன்று கார்புரேட்டர்), யு வந்தால் நான்கு பேரல் கார்புரேட்டர் ஒன்று உள்ள 440. முதல் எழுத்து ஜே, ஐந்தாவது ஜி என்றால் அது 318 எஞ்சினோடு பிறந்த சாதா சேலஞ்சர். பானெட்டுக்கு அடியில் இன்று ஹெமி உட்கார்ந்திருந்தாலும் சரி. பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எழுத்துகள் வருடத்துக்கு வருடம் மாறும். 1969இல் ஹெமிக்கு ஜே, 1970இல் ஆர். 1969இல் ஹெச் என்றால் 383, 1970இல் அதே ஹெச் 340. தப்பான வருடத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு நல்ல காரைப் போலி என்று சொல்லிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

*ஃபோர்டு மஸ்டாங் என்றால்:* இங்கேயும் ஐந்தாவது எழுத்துதான். 1969இல் ஆர் என்றால் ராம் ஏர் உள்ள 428 கோப்ரா ஜெட், ஜி என்றால் பாஸ் 302, இசட் என்றால் பாஸ் 429. 1965, 1966 மஸ்டாங்கில் ஜி.டி. ஆப்ஷன் வாங்க ஏ அல்லது கே எஞ்சின் வேண்டும். சி அல்லது ஆறு சிலிண்டர் டி (T) எழுத்தோடு ஜி.டி. பட்டை போட்டு நிற்கும் கார்கள் ஏராளம். அந்தப் பட்டை கடையில் வாங்கியது.

நிபுணர் தேவையா? இந்த அறிகுறிக்குத் தேவையில்லை. வின் 'இல்லை' என்று சொன்னால் 'இல்லை'தான். 'இருக்கலாம்' என்று சொன்னால் மேலே போங்கள்.

அறிகுறி 2: எஞ்சினில் உள்ள எண் வின்னோடு சேரவில்லை

1968 மாடலிலிருந்து எஞ்சினில் வின்னின் ஒரு பகுதியைக் குத்தியிருப்பார்கள். அதை வால் எண் என்று வைத்துக்கொள்வோம். 12437 9 என் 512345 என்ற கேமரோவின் எஞ்சினில் 1 9 என் 512345 என்று இருக்க வேண்டும்: ஷெவர்லே, 1969, நார்வுட் ஆலை, வரிசை எண். என் இடத்தில் எல் இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. 1967க்கும் அதற்கு முன்னும் எல்லா எஞ்சினிலும் இதைக் குத்தவில்லை. 67 கேமரோவில் காணோம் என்று பதற வேண்டாம்.

*வால் எண்ணே தென்படவில்லை.* முதலில் அழுக்கைத் துடையுங்கள். ஷெவர்லேயின் 'சின்ன பிளாக்' எனப்படும் சிறிய வி8 எஞ்சினில் (பிளாக் என்பது எஞ்சினின் வார்ப்பு உடல்) பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் விளிம்பில் ஒரு தட்டையான மேடை இருக்கும். 1969இல் ஆல்டர்னேட்டர் அதை மறைக்கும். கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள். அங்கே எஞ்சின் அசெம்பிளி எண் மட்டும் இருந்து வால் எண் இல்லையென்றால், ஆயில் ஃபில்டருக்கு மேலே பாருங்கள். 1969 கார்கள் பலவற்றில் அங்கேதான் அடித்தார்கள். அங்கும் இல்லை, மேடையும் வழவழவென்று இருக்கிறது என்றால், எப்போதோ எஞ்சினைப் பிரித்தபோது மெஷின் ஷாப்பில் மேல்தளத்தைச் சீவியிருக்கிறார்கள். அது மோசடி இல்லை. ஆனால் 'மேட்சிங்' என்று சொல்லி விலை கேட்க விற்பவருக்கு ஆதாரம் போய்விட்டது.

*வால் எண் வேறு காருடையது.* எஞ்சின் மாறியிருக்கிறது. எழுத்து சி இ என்று தொடங்கி எண் வந்தால், அது வாரண்டியில் கம்பெனி கொடுத்த மாற்று பிளாக். முதல் ஓனர் ரேஸ் ஓட்டி எஞ்சினை உடைத்திருப்பார். இந்த வகைக் கார்களில் அது சகஜம். எனக்கு இப்படிப்பட்ட கார்கள் பிடிக்கும். பொய் சொல்லாத கார், விலையும் குறையும்.

*வால் எண் சரி, ஆனால் உறுத்துகிறது.* இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஷெவர்லே ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை இழைத்த எந்திரம் முன்னிருந்து பின்னாகச் செல்லும் மெல்லிய நேர்கோடுகளை விட்டுவிட்டுப் போகும். அசல் மேடையில் எழுத்துகளுக்கு ஊடே அந்தக் கோடுகள் தெரிய வேண்டும். மேடையைச் சீவி, புதிதாக எண் குத்தினால் கோடுகள் போய்விடும். பிறகு வட்டமாகக் கீறல் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. உப்புத்தாளால் கோடு போட்டுப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுடைய கோடு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். ஆலையில் கோடு முதலில், எழுத்து பிறகு. அதனால் அசல் பள்ளத்துக்குள் கோடு இருக்காது.

எழுத்துகளையும் பாருங்கள். அசெம்பிளி எண்ணை எஞ்சின் ஆலையில் அடித்தார்கள், வால் எண்ணைக் கார் ஆலையில் அடித்தார்கள். இரண்டு இடம், இரண்டு கை, இரண்டு அச்சு. இரண்டும் ஒரே உருவத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நேர்த்தியில் இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து அடித்தது என்றுதான் அர்த்தம்.

நிபுணரைக் கூப்பிட வேண்டியது இங்கே. மேடையைச் சுத்தம் செய்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து நான்கைந்து கோணத்தில் படம் எடுத்து, அந்த மாடலை மட்டுமே பார்க்கும் சோதனையாளருக்கு அனுப்புங்கள். அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க நூற்றுக்கணக்கான அசல் மேடைப் படங்கள் இருக்கும், நம்மிடம் இருக்காது.

அறிகுறி 3: தேதிகள் முன்னுக்குப் பின்

பிளாக் வார்த்த தேதி, எஞ்சின் சேர்த்த தேதி, பாடி கட்டிய தேதி. மூன்றும் இந்த வரிசையில்தான் வர வேண்டும், இடைவெளி சில நாளிலிருந்து சில வாரம் வரை. ஒரு 1969 இசட்/28ஐ எடுத்துக்கொண்டால், பிளாக்கின் பின்பக்க விளிம்பில் 'ஏ 12 9' என்று வார்ப்பிலேயே இருக்கும்: ஜனவரி 12. முன்மேடையில் 'வி 0122 டி இசட்' (V0122DZ): ஃபிளின்ட் ஆலை, ஜனவரி 22, நான்கு கியர் இசட்/28இன் 302 எஞ்சின். ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவரில், மாட்டிய தகட்டில் '02ஏ': பிப்ரவரி முதல் வாரம். இப்படி வந்தால் மனம் நிறைந்துவிடும்.

வரிசை கலைந்திருந்தால், மோசடி என்று முடிவு கட்டும் முன் நாம் தப்பாகப் படித்தோமா என்று பாருங்கள்.

*மாடல் வருடம் வேறு, காலண்டர் வருடம் வேறு.* 1969 காரில் 1968 அக்டோபர் தேதி இருப்பது சரிதான். 1969 கேமரோவில் இன்னொரு குழப்பமும் உண்டு. அடுத்த மாடல் தாமதமானதால் 1969 கேமரோவை 1969 நவம்பர் வரை கட்டினார்கள். ஆகவே தகட்டில் '11' என்றால் 1968 நவம்பராகவும் இருக்கலாம், 1969 நவம்பராகவும் இருக்கலாம். வின்னின் வரிசை எண் தொடக்கத்தை ஒட்டியிருந்தால் முதலாவது, கடைசியை ஒட்டியிருந்தால் இரண்டாவது.

*கியர் பாக்ஸின் மாத எழுத்து வேறு.* பிளாக்கில் ஏ முதல் எல் வரை வரிசையாக மாதங்கள். மன்சி என்ற ஜி.எம். ஆலையின் நான்கு கியர் பாக்ஸில் ஏ, பி (B), சி, டி (D), ஈ வரை அதேபோல் போய், ஜூனுக்கு ஹெச், ஜூலைக்கு கே, ஆகஸ்டுக்கு எம், செப்டம்பருக்கு பி (P), அக்டோபருக்கு ஆர், நவம்பருக்கு எஸ், டிசம்பருக்கு டி (T) என்று தாவும். ஹெச்சைப் பார்த்து ஆகஸ்ட் என்று படித்தால் நல்ல பெட்டியும் தப்பாகத் தெரியும்.

*வருடம் ஒற்றை இலக்கம்.* இதில் நானே மாட்டினேன். ஒரு பிளாக்கில் 3970010 என்ற வார்ப்பு எண், தேதியின் கடைசி இலக்கம் 9. 1969 இசட்/28இல் வந்த பிளாக் எண்களில் அதுவும் ஒன்று என்று தெரியும். மகிழ்ச்சியில் மேடையைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை, நண்பரிடம் "வாங்கிடு" என்று சொல்லிவிட்டேன். அதே பிளாக்கை ஷெவர்லே எழுபதுகள் முழுவதும் சாதாரண 350 எஞ்சினுக்கும் வார்த்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் மேடையில் இருந்த எழுத்துகள் 302க்கு உரியவை அல்ல. அந்த 9, 1979. நண்பர் இன்னும் அதைக் குத்திக்காட்டுவார். வார்ப்பு எண்ணும் தேதியும் மட்டும் போதாது, முன்மேடையின் எழுத்தும் சேர வேண்டும்.

மூன்றையும் சரிபார்த்த பின்னும் பிளாக் வார்த்த தேதி பாடி தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், அந்த எஞ்சின் அந்தக் காரில் பிறக்கவில்லை. இதற்கு இரண்டாவது கருத்து தேவையில்லை.

அறிகுறி 4: ஃபயர்வால் தகடு காரோடு ஒட்டவில்லை

கார் ஆரஞ்சு, தகட்டில் 57. அதாவது ஆலையில் அது ஃபாதம் கிரீன் என்ற கரும்பச்சை. ஹகர் ஆரஞ்சு என்றால் 72 இருக்க வேண்டும். மிக எளிய காரணம், யாரோ பிடித்த நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிளவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பின் சீட்டைத் தூக்குங்கள், கதவின் உள்பேனலை ஒரு மூலையில் விலக்குங்கள். அங்கே பச்சை இருந்தால் தகடு உண்மை, பெயின்ட்தான் புதிது. அங்கேயும் ஆரஞ்சு, கீழே பச்சையின் சுவடே இல்லை என்றால், பாடி ஆரஞ்சாகப் பிறந்தது, தகடு வேறு காரிலிருந்து வந்தது.

கேமரோவில் இது சுலபமான திருட்டு. அந்தத் தகட்டில் வின் கிடையாது. அதில் உள்ள பாடி எண்ணுக்கும் வின்னுக்கும் தொடர்பில்லை. யார் தகட்டை யார் காரில் மாட்டினாலும் எண் முரண்படாது. அதனால்தான் தகட்டில் எக்ஸ் என்று தொடங்கும் ஆப்ஷன் குறியீடுகளுக்கு இவ்வளவு கிராக்கி. நார்வுட் ஆலையில், 1968 டிசம்பர் முதல், எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 என்றால் இசட்/28. எக்ஸ் 11 என்றால் 'எஸ்.எஸ்.' என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். எக்ஸ் 11 தனியாக எஸ்.எஸ்ஸை நிரூபிக்காது. வான் நைஸ் காரில் எக்ஸ் குறியீடு இருந்தால் தகடே பொய், ஏனென்றால் அந்த ஆலை அதை அடிக்கவே இல்லை. வின்னில் எல், தகட்டில் எக்ஸ் 33: இப்படி ஒன்று கண்ணில் பட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

டாட்ஜ், பிளிமத்தில் இதே வேலையைச் செய்வது ஃபெண்டரின் உள்பக்கத்தில் உள்ள தகடு. அந்த ஃபெண்டர் தகட்டைக் கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். அதில் வின் உண்டு என்பதால் திருடுவது கஷ்டம், ஆனால் புதிதாக அடித்து விற்கிறார்கள். ஈ 74 ஹெமி, ஈ 87 சிக்ஸ் பேக் 440, டி (D) 32 ஆட்டோமேட்டிக். தகட்டின் ஈ எண்ணும் வின்னின் ஐந்தாவது எழுத்தும் ஒரே எஞ்சினைச் சொல்லாவிட்டால் தகடு போலி.

அறிகுறி 5: டேஷ்போர்டில் ஒரு வின், பாடியில் வேறு எண்

இதற்கு எளிய காரணம் என்று எதுவும் கிடையாது. துருப்பிடித்துச் செத்த அசல் காரின் வின் தகட்டைக் கழற்றி, நல்ல நிலையில் உள்ள சாதாக் காரில் மாட்டியிருப்பார்கள். அல்லது கார் திருட்டுக் காராக இருக்கும்.

1968, 1969 கேமரோவில் வால் எண் பாடியில் இரண்டு மறைவான இடத்தில் இருக்கும். ஒன்று ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால், மற்றொன்று கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைப் பேனலுக்கு அடியில். பேனலைக் கழற்றினால் இரண்டாவது எண் தெரிந்துவிடும். ஹீட்டர் பெட்டியைக் கழற்ற மெக்கானிக் வேண்டும். விலை பெரிதென்றால் அந்தக் கூலி ஒரு செலவே இல்லை. 1970 டாட்ஜ், பிளிமத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் பாருங்கள்.

வின் தகட்டின் ரிவெட்டையும் பாருங்கள். ஆறு இதழ்ப் பூப்போல் தலை இருக்க வேண்டும். சாதா உருண்டை ரிவெட், ஸ்க்ரூ, ஓரத்தில் கசிந்த பசை, எதுவானாலும் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது.

இங்கே நிபுணர்கூட அடுத்த கட்டம்தான். முன்பணம் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். வின்னை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், காரைப் பறிமுதல் செய்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எதையும் கழற்றாமல், துடைக்காமல், முதலில் வக்கீல், பிறகு மாநில போலீஸ்.

அறிகுறி 6: காகிதம் இல்லை, அல்லது காகிதம் ரொம்ப அழகாக இருக்கிறது

காகிதம் இல்லை என்றால் எந்தக் கம்பெனி என்று பாருங்கள். பான்டியாக் என்றால் கவலையே வேண்டாம்: பி.ஹெச்.எஸ். என்ற நிறுவனம் கம்பெனியின் பழைய பில் நகலை வின்னை வைத்து எடுத்துத் தரும், 1964 ஜி.டி.ஓ. உண்மையா என்பது அதில் தெரிந்துவிடும். ஃபோர்டு 1967 முதல் என்றால் கம்பெனிப் பதிவிலிருந்து எடுக்கும் மார்ட்டி ரிப்போர்ட். 1965, 1966 மஸ்டாங்குக்கு அது கிடையாது. ஷெவர்லே கனடாவில் புதிதாக விற்றதென்றால் ஜி.எம். கனடாவின் பதிவு கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் காரோடு வந்த காகிதம் எங்கே ஒளிந்திருக்கிறதோ அதுதான்.

ஒளிந்திருக்கும். ஆலையில் தொழிலாளிகள் பார்த்துச் சேர்த்த பில்டு ஷீட்டை அப்படியே காருக்குள் விட்டுவிடுவார்கள். ஷெவெலில் பெட்ரோல் டேங்கின் மேல், பின் சீட்டின் ஸ்பிரிங்கில். டாட்ஜ், பிளிமத்திலும் பின் சீட்டுக்கு அடியில். டேங்கை இறக்கிப் பார்க்க விற்பவர் ஒத்துக்கொண்டால், கீழே ஒரு விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது வருடக் காகிதம் கையில் பொடியாகிவிடும்.

காகிதம் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டேங்க் மேல் கிடந்த ஷீட்டில் துருக்கறை, எலி கடித்த ஓரம், டேங்க் வளைவின் மடிப்பு இருக்கும். டீ டிகாஷனில் நனைத்துப் பழுப்பாக்கிய காகிதம் எல்லா இடத்திலும் ஒரே பழுப்பாக இருக்கும். ஷெவர்லேயின் ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற வாரண்டித் தகட்டையும் இப்போது புதிதாக அடிக்கிறார்கள். அதனால் தகட்டில் உள்ள எஞ்சின் எண், கியர் பாக்ஸ் எண், ஆக்சில் எண் ஒவ்வொன்றையும் காரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். காரில் அந்தப் பாகங்கள் மாறிவிட்டன என்று விற்பவர் சொன்னால், அந்தத் தகடு எதற்கும் சாட்சி இல்லை.

ஷீட்டின் தாள், அச்சு எழுத்து பற்றி முடிவு செய்வது நம் வேலை இல்லை. அதற்கு அந்த மாடலின் ஆவணங்களையே பார்த்துக் கொண்டிருக்கும் ஆள் வேண்டும். ஆனால் அவரை அழைக்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என் நண்பர்கள் கேட்ட இடங்களில் பாதிப் பேர் ஒரு மணி நேரத்தில் அனுப்பினார்கள். மீதிப் பேர் அதற்குப் பிறகு ஃபோனை எடுக்கவில்லை.